தலை தெரியாத படம்

உக்காருங்க தம்பி. அந்தக் கல்லுல வேண்டாம், வெயிலு ஏறிக் கெடக்கு. இன்னா, இந்த வாளியக் கவுத்திப் போட்டு உக்காருங்க. டேங்க் நெறைய இன்னும் முக்கா மணி நேரம் ஆவும், அதுவரைக்கும் நான் இங்கயிருந்து நகர முடியாது. மோட்டாரப் போட்டுட்டு அங்கிட்டு இங்கிட்டுப் போனா தண்ணி வழிஞ்சு கீழ இருக்க ஆட்டுக்கொட்டத்துக்குள்ள போயிரும். பெறவு அந்த ஆட்டுக்காரன் என் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசுவான்.

பாம்பு பாக்கணும்னு வந்திருக்கிய. எந்த வகை எங்கன கெடக்கும், எந்த மாசம் வெளிய வரும், எல்லாத்தையும் எழுதணும். கேமராவும் கொண்டாந்திருக்கிய, புஸ்தகமும் கொண்டாந்திருக்கிய. நல்லது. நாலு நாளா இந்தச் சுத்துப்பட்டுல அலைஞ்சும் உசுரோட ஒண்ணு கூட ஆம்படல, அடிபட்டுக் கெடந்ததத்தான் பாத்தேன்னு சொல்லுதிய. அப்படியா. ம்.

சரி, நான் காட்டுதேன். இருபத்தியொரு வால்வு குழி இருக்கு, ஒவ்வொண்ணையும் தொறந்து காட்டுதேன். ஆனா அதுக்கு முன்ன நீங்க எனக்கு ஒரு காரியம் செய்யணும். எம் போன்ல ஒரு படம் இருக்கு. அதப் பாத்துட்டு அது என்ன பாம்புன்னு சொல்லணும். அவ்வளவுதான்.

எனக்குத் தெரியாதான்னு கேக்கிய. தெரியும் தம்பி. அது செவுத்துப் பாம்பு. விஷம் கெடையாது. எனக்குத் தெரியும், ஆனா படிச்ச ஒரு ஆளு வாயால அதக் கேக்கணும். ரெண்டு வருசமா ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பொறுங்க, படத்த இப்பக் காட்டமாட்டேன். மொதல்ல விவரத்தக் கேளுங்க. விவரம் தெரியாமப் படத்த மட்டும் பாத்தா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ.

எம்பேரு கோமதிநாயகம். பஞ்சாயத்துல தண்ணி தொறந்து விடுத வேலை, பன்னெண்டு வருசமாச்சு. வால்வு குழி தெரியும்லா? ரோட்டோரத்துல நாலு பக்கமும் செங்கல் கட்டி, மேல சிலாப் போட்டு மூடியிருக்கும். உள்ள எப்பவும் ஈரம். ஈரம் இருந்தாத் தவளை இருக்கும். தவளை இருந்தா அதத் தின்ன ஒருத்தன் குடியிருப்பான். தினமும் வெள்ளன அந்த சிலாப்பத் தூக்கி உள்ள கைய விடணும். பயந்தா ஊருக்குத் தண்ணி கெடையாது. மொத ரெண்டு வருசம் கம்பால குத்திக் கொன்னுபோட்டுட்டுத்தான் கைய விடுவேன். அப்ப ஒரு நாளு காட்டு இலாகா வாச்சர் ஒருத்தரு, நான் கொன்னு போட்டிருந்ததக் காலால பொரட்டிப் பாத்துட்டு, "ஏய்யா, இது தண்ணிப் பாம்பு, இதுக்கு விஷப்பல்லே கெடையாது. ஒண்ணுந் தெரியாதத அடிச்சுப் போட்டுட்டியே"ன்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. பாம்பக் கொன்னதுக்கு இல்ல, தம்பி. என்ன பாம்புன்னு தெரியாமக் கொன்னதுக்கு. ஒரு பேரு கூடத் தெரியாம ரெண்டு வருசம் ஒரு வேலையச் செஞ்சிருக்கோமேன்னு வெக்கம். அவரே பெறவு ஒரு புஸ்தகம் குடுத்தாரு, படம் போட்டது. அத அட்டை கழண்டு வாரவரைக்கும் படிச்சேன்.

அதுக்கப்புறம் நம்ம சனங்க பாம்பப் பத்திப் பேசுத பேச்சக் கேட்டா எனக்குச் சிரிப்பு வரும். பச்சைப் பாம்பு கண்ணக் கொத்தும்பான். சாரையும் நல்லதும் புருசன் பொஞ்சாதிம்பான். மண்ணுளி நக்குனாக் குட்டம் வரும்பான். கொம்பேறி மூக்கன் கடிச்சுட்டு, சுடுகாட்டு மரத்துல ஏறி நின்னு, கடிபட்டவன் எரியுத புகையக் கண்ணால பாத்துட்டுத்தான் எறங்குமாம். அதுக்கு வேற சோலி இல்ல பாருங்க. நான் ஒவ்வொருத்தனையும் புடிச்சு வச்சுச் சொல்லுவேன், ஏல கோட்டிக்காரா, அப்படியெல்லாம் கெடையாதுல, பேரத் தெரிஞ்சுக்கோ, பாதி பயம் போயிரும்னு. எட்டு வருசத்துல நானூத்திப் பதிமூணு பாம்பு புடிச்சு மலையடிவாரத்துல விட்டிருக்கேன். வீட்டுல நோட்டு இருக்கு, தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்.

பெறவு போன்ல குரூப் வந்துச்சு. பாம்பு குரூப். ஏழு ஊரு சனம், எரநூத்தி அம்பது பேரு. வீட்டுக்குள்ள பாம்பு வந்தாப் படம் எடுத்துப் போடுவாவ. நான் பாத்து, விஷம் உண்டு, இல்லன்னு சொல்லுவேன். எனக்கு எழுத்துக் கூட்டி அடிக்க வராது, அதனால வாய்ஸ்தான். "இது ஓலைப்பாம்பு, பயப்படாதிய, வாசலத் தொறந்து வைங்க, அது பாட்டுக்குப் போயிரும்." அவ்வளவுதான். எத்தனையோ உசுரு தப்பிச்சிருக்கு. மனுசனும் தப்பிச்சிருக்கான், பாம்பும் தப்பிச்சிருக்கு.

இதுல ஒரே ஒரு இடம் கஷ்டம். கட்டுவிரியனும் செவுத்துப் பாம்பும். உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் நான் சொல்லுதேன், கேளுங்க. கட்டுவிரியன் கருப்பு, மேல வெள்ளை வளையம். அது கடிச்சா எறும்பு கடிச்ச அளவுக்குக் கூட வலிக்காது. தரையில படுத்துத் தூங்குதவனத்தான் கடிக்கும், பல்லுப் பட்ட தடம் கூடத் தெரியாது. செவுத்துப் பாம்பு அதே மாதிரி வேசம் கட்டிக்கிட்டுத் திரியும். காப்பிக் கலரு, வெள்ளை வளையம். செவுரு ஏறிப் பல்லியத் தின்னும், வேற ஒரு பாவமும் அறியாது. ரெண்டையும் எப்படிப் பிரிக்கது? தலையப் பாக்கணும். செவுத்துப் பாம்புக்கு வளையம் கழுத்துலயே ஆரம்பிச்சிரும், வாலுக்குப் போகப் போக மங்கிரும். கட்டுவிரியனுக்குக் கழுத்துல ஒண்ணும் இருக்காது. தள்ளித்தான் தொடங்கும், வாலு வரைக்கும் பளிச்சுன்னு இருக்கும்.

அதனால நான் குரூப்புல ஒரு சட்டம் போட்டேன். தலை தெரியாத படத்துக்கு நான் வாயத் தொறக்கமாட்டேன். வால மட்டும் எடுத்துப் போட்டு "என்ன பாம்பு"ன்னு கேட்டா ஏசிருவேன். ஒரு தடவை டீக்கடைக்காரரு வாலப் படம் எடுத்துப் போட்டாரு. நான், "அண்ணாச்சி, உங்க காலப் படம் எடுத்து அனுப்புனா நீங்க யாருன்னு உங்க பொஞ்சாதி சொல்லிருவாவளா"ன்னு வாய்ஸ் போட்டேன். குரூப்பே சிரிச்சுச்சு. ஆனா அந்தப் பேச்சு எல்லாரு மனசுலயும் நின்னுச்சு பாத்துக்கிடுங்க. ஏழு ஊருலயும் சின்னப் பிள்ளைக கூடச் சொல்லும், தலை தெரியணும், தலை தெரியாமச் சொல்லக்கூடாதுன்னு. நான் சொல்லிக் குடுத்தது அது.

எனக்கு ஒரே தங்கச்சி. ஆவுடையம்மாள். ஆவுடைன்னு கூப்பிடுவோம். எனக்கு அடுத்தாப்புல ரெண்டு பிள்ளை தங்கல, அப்புறம் பொறந்தவ, பதினோரு வயசு எளையவ. இன்னா, அந்தப் பனைக்கு அங்கிட்டுத் தெரியுதுல்லா, அந்த ஊருலதான் கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ளை பூலுடையார் லோடு ஆட்டோ ஓட்டுதான். அவன் அம்மா முப்பிடாதி. ஆவுடை பீடி சுத்துவா. கையி பாட்டுக்கு எலைய வெட்டும், வாயி பாட்டுக்கு எங்க அண்ணன், எங்க அண்ணன்னு சொல்லும். பீடிக்கடையில எல்லாருக்கும் என்னயத் தெரியும், பாம்பு டாக்டருன்னு. அப்படிச் சொல்லி வச்சிருந்தா.

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஐப்பசி. மழைக்காலம். பள்ளிக்கூடத்துல ஒரு விழா, என்னயக் கூப்பிட்டிருந்தாவ. மேடையில நாற்காலி போட்டு, ஹெட்மாஸ்டர் பக்கத்துல உக்கார வச்சு, பொன்னாடை போத்துனாவ. மைக்கக் கையில குடுத்து, பாம்பப் பத்திப் பிள்ளையளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கன்னாவ. பஞ்சாயத்து வேலைக்காரன், தம்பி, எட்டாங் கிளாசு பெயிலு. அந்தப் பள்ளிக்கூடத்துலதான் பெயிலானேன். அதே எடத்துல மேடையில நிக்கேன். நானூறு பிள்ளை எதுக்க உக்காந்திருக்கு.

பேசிக்கிட்டே இருக்கும்போது போன் டொங்குன்னுச்சு. எடுத்துப் பாத்தா, படம். பாம்புப் படம். சாயங்காலம் நாலு மணி இருக்கும். நான் உடனே பிள்ளையகிட்டச் சொன்னேன், "பாத்தியளா, இப்பவே ஒரு வீட்டுல இருந்து படம் வந்திருக்கு. நான் பதில் சொல்லுதேன், கேளுங்க"ன்னு. ஒரு கையில மைக்கு, ஒரு கையில போனு. வாய்ஸ் போட்டேன். மேடையில நிக்கமேன்னு நல்ல தமிழ்ல சொன்னேன். "பயப்படாதீங்கம்மா. இது சுவர்ப் பாம்பு. விஷமற்றது. இதை அடிக்கக் கூடாது. அது தானாகவே சென்றுவிடும்." நான் வெரல எடுக்கதுக்கு முன்னயே பிள்ளைக எல்லாம் கை தட்டிச்சு.

யாரு அனுப்புனாவன்னு பாக்கல. மேடையில நின்னுக்கிட்டு அதையெல்லாம் பாக்க முடியாது, தம்பி. அது குரூப்புல வந்த படம் இல்ல, எனக்குத் தனியா வந்தது. ஆவுடை அனுப்புனது. அவ அந்த வாய்ஸக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாளாம். "எங்க அண்ணன் என்னய அம்மாங்கான், டீவியில செய்தி வாசிக்க மாதிரிப் பேசுதான்"னு.

படம் எடுத்தது செவுத்துல. அதையும் நீங்க கவனிக்கணும். கட்டுவிரியன் செவுரு ஏறாது, செவுத்துப் பாம்புதான் ஏறும். படத்தோட ஆவுடை வாய்ஸும் அனுப்பியிருந்தா, அத நான் பெறவுதான் கேட்டேன். "அண்ணே, பீடி எல மூட்டைக்குப் பின்னால செவுத்தோரம் சுருண்டு கெடக்கு"ன்னு. செவுத்தோரம்னா செவுருதான. செவுத்துல இருந்து எறங்கிக் கெடந்திருக்கும்.

அங்க என்ன நடந்திருக்குன்னா, பூலுடையார் கம்பத் தூக்கிட்டான். முப்பிடாதி, அடிச்சுக் கொல்லுல, கொல்லுலன்னு கத்தியிருக்கா. ஆவுடைதான் குறுக்க நின்னிருக்கா. எங்க அண்ணன் அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டான், எங்க அண்ணன் சொன்னா அது பத்திரத்துல எழுதுன மாதிரின்னு. கம்பப் புடுங்கி மூலையில சாத்திட்டா. மூட்டையக் கூட நகட்டல. அன்னைக்கு மழை, வீட்டுக்குள்ள இருந்த எடமே அவ்வளவுதான். அந்த மூட்டைக்குப் பக்கத்துலதான் பாயப் போட்டுப் படுத்திருக்கா.

மறுநாளு வெள்ளன அஞ்சே காலு. மூணாம் நம்பர் வால்வுல கைய விட்டுக்கிட்டு இருக்கேன். பூலுடையார் போன். "மச்சான், ஆவுடைக்கு வயிறு வலிக்குங்கா. தொண்டையில எச்சி எறங்கலங்கா. பூச்சி தொட்டிருக்கும் போல இருக்கு"ன்னான்.

இங்கதான் தம்பி, இந்த எடத்துலதான் எனக்கு வயிறு எரியும். பூச்சி! நம்மூருல பாம்புன்னு சொல்லமாட்டாவ. சொன்னாக் கூப்பிட்ட மாதிரி ஆயிருமாம். கடிச்சிட்டுன்னும் சொல்லமாட்டாவ, தொட்டுட்டும்பாவ. நான் எட்டு வருசமாத் தொண்டை வத்தக் கத்தியிருக்கேன், பாம்பப் பாம்புன்னு சொல்லுங்க, கடிச்சாக் கடிச்சுதுன்னு சொல்லுங்கன்னு. இந்தச் சவத்து வார்த்தையாலதான் எந் தங்கச்சி போனா. எல்லாம் அந்த முப்பிடாதி சொல்லிக் குடுத்த வார்த்தை.

நான் என்ன சொன்னேனா? ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஆமா. "நேத்து பாத்தமே, அதுன்னா அது செவுத்துப் பாம்புதான், பதறாண்டாம், வெந்நி வச்சுக் குடுங்க. இருந்தாலும் ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க"ன்னு சொன்னேன். பூலுடையாரக் கேட்டா வேற மாதிரி சொல்லுவான். வெந்நி வரைக்குந்தான் அவனுக்குக் கேட்டுச்சாம். இருந்தாலும்னு நான் சொன்னதே அவன் காதுல விழலையாம். விழாம இருக்குமா? நான் சொன்னேன். சொன்னேன்னுதான் நெனைக்கேன்.

நான் ஏன் ஓடலன்னு கேக்காதிய. ஆறு தெருவுக்குத் தண்ணி தொறக்காண்டாமா?

அவங்க ஏழு மணிக்குத்தான் ஆட்டோவுல போட்டுக் கொண்டு போயிருக்காவ. பக்கத்துல இருக்க சின்ன ஆஸ்பத்திரி. நர்சு என்னம்மா ஆச்சுன்னு கேட்டிருக்கா. முப்பிடாதி, பூச்சி தொட்டுட்டும்மான்னு சொல்லியிருக்கா. சொன்னாளா இல்லையா? சொன்னா. அவளே ஒத்துக்கிட்டா. நர்சு அதப் பூச்சின்னே எழுதிட்டா. வயித்து வலிக்கு ஒரு ஊசியப் போட்டு பெஞ்சுல படுக்க வச்சுட்டாவ. பத்து மணிக்கு ஆவுடை, எனக்குத் தூக்கம் தூக்கமா வருது, கண்ணத் தொறக்க முடியலன்னு சொல்லியிருக்கா. ராத்திரி பூராம் தூங்காத பிள்ளைதான, தூங்கட்டும்னு விட்டிருக்காவ. எம முண்டைக, எம்புட்டு அறிவு! அது தூக்கமா தம்பி? கண்ணு எமை தூக்க முடியலைன்னா அது கட்டுவிரியன்லா? புஸ்தகத்துல மொதப் பக்கத்துலயே போட்டிருக்கே!

ஆங்?

இல்ல, இல்ல. பொதுவாச் சொல்லுதேன். எமை தூக்க முடியலைன்னா கட்டுவிரியனா இருக்கலாம்னு பாக்கணுமா இல்லையா? அதத்தான் சொல்லுதேன். வேற காரணமும் இருக்கும்லா.

பெறவு பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்சுல ஏத்தி விட்டாவ. ரயில்வே கேட்டு அடைச்சிருந்துச்சு. கூட்ஸ் வண்டி. எத்தன பெட்டின்னு பூலுடையார் எண்ணிக்கிட்டு இருந்தானாம், அம்பத்தி எட்டுப் பெட்டி. கேட்டத் தொறக்கும்போது மூச்சு இல்ல.

எந் தங்கச்சி தம்பி. முப்பத்தி நாலு வயசு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்சப் புடிச்சுக் கத்துனேன். ஏம்மா, பூச்சின்னு சொன்னாப் பூச்சின்னே எழுதிருவியா, உனக்கு மூளை இல்லையான்னு கேட்டேன். அவ நின்னு கேட்டா. பெறவு சொல்லுதா, "அண்ணாச்சி, நானும் இந்த ஊருத் தண்ணி குடிச்சு வளந்தவதான். பூச்சின்னா என்னன்னு எனக்காத் தெரியாது? பெரியம்மா பூச்சின்னு சொன்ன ஒடனே, பாம்பாம்மான்னுதான் கேட்டேன். டாக்டரும் கேட்டாரு. உங்க தங்கச்சிதான் போன எடுத்துக் காட்டுனாவ. 'எங்க அண்ணன் பாத்துச் சொல்லிட்டான் டாக்டர், அது விஷமில்ல, பாம்புல அவன் சொன்னா மாறாது'ன்னாவ. ஒங்க வாய்ஸ டாக்டருக்குப் போட்டும் காட்டுனாவ. கடைசியில கை தட்டுத சத்தம் கேக்கும்ல, அந்த வாய்ஸு. தடமும் இல்ல, வீக்கமும் இல்ல. டாக்டரு அந்த வாய்ஸ ரெண்டு தடவ கேட்டாரு"ன்னு சொல்லுதா.

பொய். தன் தப்ப மறைக்கதுக்கு எம் தலையில கட்டுதா. இதுக்கெல்லாம் நல்லாப் பழகியிருப்பாவ.

கை தட்டு எப்படித் தெரியும்னா? யாராவது சொல்லியிருப்பாவ.

பூலுடையார் எங்கூடப் பேசமாட்டான். அவன் எழவு வீட்டுலயே, பொணம் கெடக்கும்போதே, பீடி எல மூட்டையத் தூக்கி எறிஞ்சு, பின்னால கெடந்தத அடிச்சு, கம்பு நுனியில தூக்கிட்டு வந்து எங் கால்மாட்டுல போட்டான். "பாத்துச் சொல்லும் மச்சான்"ன்னான். சனம் பூராம் பாக்குது. நான் என்னத்தச் சொல்ல? தலைய நசுக்கிப் போட்டிருந்தான். அடிச்ச அடியில தலையும் இல்ல, கழுத்தும் இல்ல. தலையில்லாத பாம்ப நான் எப்படிப் பேரு சொல்லுவேன்? "தலை இல்லாமச் சொல்ல முடியாது மாப்பிள்ளை"ன்னேன். அவன் என்னயவே பாத்தான். நியாயமாத்தான சொன்னேன்? அவனுக்குப் புரியல. கோவத்துல இருக்கவனுக்கு என்ன புரியும்.

முப்பிடாதி இருக்காளே, அவ அதுக்கு மேல. இன்னைக்கு வரைக்கும் அந்த வார்த்தைய மாத்தல பாருங்க. மருமவ எப்படிச் செத்தான்னு யாரு கேட்டாலும், பூச்சி தொட்டுட்டு, அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டா. படம் வந்தது, வாய்ஸு வந்தது, கம்பப் புடுங்குனது, ஒண்ணையும் வெளிய சொல்லமாட்டா. சொல்லித் தொலையலாம்லா? நாலு பேரு கேட்டு, நாலு பேரு அது என்ன பாம்புன்னு பேசினா ஒரு முடிவு கெடைச்சிருக்கும். அம்புட்டுப் பிடிவாதம் கெழவிக்கு. போன மாசம் சந்தையில எதுக்க வந்தா. முகத்தத் திருப்பிக்கிடுவான்னு பாத்தேன். நின்னு, "சாப்பிட்டியாய்யா"ன்னு கேட்டுட்டுப் போறா. அது ஒரு மாதிரியான பொம்பள.

அதனால எம்பேருக்கு ஒண்ணும் ஆவல. குரூப்பு இன்னைக்கும் ஓடுது. இப்பமும் எனக்குத்தான் படம் போடுதாவ. நான் இப்பமும் பதில் சொல்லுதேன். ரெண்டு வருசத்துல இந்த ஏழு ஊருலயும் பாம்பு கடிச்சு ஒரு சாவு கெடையாது தெரியுமா? ஒரு சாவு கெடையாது.

இன்னா, இதுதான் படம். வெளிச்சம் அடிக்கும், கையால மறைச்சுக்கிட்டுப் பாருங்க. பெருசாக்கிப் பாக்கலாம், ரெண்டு வெரல வச்சு இழுங்க. அது எல மூட்டை. அது செவுரு. அந்த மூலையில தெரியுதுல்லா, அது ஆவுடை கால்வெரலு, மெட்டி தெரியும். நல்லாப் பாருங்க. ஒண்ணும் அவசரமில்ல, தண்ணி ஏறட்டும்.

புஸ்தகத்தையும் வேணும்னாத் தொறந்து பாருங்க.

என்ன தம்பி, எம் முகத்த எதுக்குப் பாக்கிய, படத்தப் பாருங்க. வாலு பளிச்சுன்னு இருக்குன்னு சொல்லப் போறிய, அதான? போன தடவை வந்தவரும் அதான் சொன்னாரு. அது பிளாஷ் வெளிச்சம். காப்பிக் கலரும் பிளாஷ்ல கருப்பாத் தெரியும். தெரியும்லா? தெரியாதா? ஒரு வார்த்தை, தம்பி. செவுத்துப் பாம்புன்னு ஒரு வார்த்தை. நீங்க எழுத்துல தரவேண்டாம், கையெழுத்துப் போடவேண்டாம். இந்த மோட்டார் சத்தத்துல வேற யாருக்கும் கேக்கவும் செய்யாது. சொல்லிட்டு நீங்க பாட்டுக்கு பைக்க எடுத்துட்டுப் போயிருங்க.

என்ன சொன்னிய?

மெதுவாச் சொல்லுதிய, கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க.

"தலை தெரியலையே அண்ணாச்சி. இத வச்சுச் சொல்ல முடியாது."

ம்.

நல்ல பிள்ளை. எம் மனசு நோவக் கூடாதுன்னு சொல்லுதிய. எனக்குத் தெரியுது. மத்தவங்க கட்டுவிரியன்னு பட்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. அவங்ககூட நான் சண்டை போட்டேன். ஒங்ககூட எப்படிச் சண்டை போட? தலை தெரியல, சொல்ல முடியாது. நான் சொல்லிக் குடுத்ததத்தான சொல்லுதிய. ஏழு ஊருலயும் சின்னப் பிள்ளை கூடச் சொல்லுமே. அன்னைக்கு எதுக்க உக்காந்திருந்த நானூறு பிள்ளையில ஒண்ண மேடைக்குக் கூப்பிட்டு இந்தப் படத்தக் காட்டியிருந்தா, அது சொல்லியிருக்கும்.

தலை தெரியல ஆவுடை, சொல்ல முடியாது. வாய்ஸாப் போட்டா எத்தன செகண்டு ஆவும் தம்பி இது? மூணு செகண்டு ஆவுமா?

இல்ல, அழல. தூசி. டேங்க் மேல இருந்து சுண்ணாம்பு விழும்.

போன் அடிக்குது, பொறுங்க. குரூப்புதான். பாருங்க, படம் வந்திருக்கு. மேலத்தெரு வீடு, மாட்டுத் தொழுவம். ஆணு, பொண்ணு, எல்லாம் கம்போட நிக்குதாம். இந்தா, பதில் போட்டுட்டு வாரேன்.

"ஆ, அண்ணாச்சி. பாத்தேன். கட்டுவிரியன். விஷம். யோசிக்காண்டாம், அடிச்சிருங்க."

எதுக்குத் தம்பி கையப் புடிக்கிய? போயிட்டு, போயிட்டு, ரெண்டு நீலக் கோடு விழுந்துட்டு, கேட்டிருப்பாவ. விடுங்க. ரெண்டு வருசமா எந்தப் படம் வந்தாலும் இந்தப் பதிலுதான். பச்சைப் பாம்புக்கும் இதான், தண்ணிப் பாம்புக்கும் இதான். குழியப் பாக்கணும்னா வாங்க, தொறந்து காட்டுதேன். ஒண்ணும் இருக்காது. தவளைதான் கத்திக்கிட்டுக் கெடக்கும்.

என்ன, சாரையா? தெரியும் தம்பி. குட்டிச் சாரை. எனக்குத் தெரியாதா? தலை நல்லாத் தெரியுதே.